அம்மா ஒன்லி

தம்பி போன பிறகு அவன் கம்ப்யூட்டர் எனக்கு வந்தது. அவன் போன் வரவில்லை. கிள்ளானில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லோரி இடித்துவிட்டது. ரோட்டில் கிடந்த போனை எவனோ அமுக்கிவிட்டான் என்று நானும் ஓயாமல் சபித்துக்கொண்டிருந்தேன். போனுக்காக இல்லை, அவன் குரலுக்காக. என் பழைய போன் கெட்டபோது அவன் அனுப்பியதெல்லாம் அதோடு போயிற்று. அவன் பேசியது, சிரித்தது எல்லாம் இனி அந்தப் போனுக்குள் மட்டும்தான்.

அம்மாவைத் தனியாக விட மனசு வரவில்லை. அம்மாவும் அவனும் இருந்த பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுக்கே குடிவந்து, வீட்டுக்கு வைஃபை போட்டேன். அம்மா அதைத் தொடவே மாட்டேன் என்றார். "எனக்கு ஒத்துக்கல." ஒத்துக்காமல் போக வைஃபை என்ன கத்திரிக்காயா? பெரிய மனுஷி பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஆபீஸ் வேலை தம்பியின் கம்ப்யூட்டரில்தான். ரூமிலிருந்து ஹால் வரைக்கும் அதற்கு ஒரு கேபிள் ஓடும். ஒருநாள் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோன அம்மா அதில் தடுக்கி விழப் பார்த்தார். நல்ல வேளை, எண்ணெயோடு போனது. கேபிளே இல்லாமல் கம்ப்யூட்டரில் வைஃபை பிடிக்க ஏதாவது வாங்கலாம் என்று அன்றைக்கே கடைக்குக் கிளம்பினேன்.

"அக்கா, சின்னதா யூஎஸ்பி இருக்கு. குத்தினா முடிஞ்சது லா" என்றார் கடைக்காரர்.

"மீட்டிங் நடுவுல நின்னுபோனா நீங்க வந்து பேசுவீங்களா?"

சிரித்துக்கொண்டே உள்ளே பொருத்துகிற கார்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் ஆண்டெனா கார்டின் முதுகிலேயே நிற்கும். என் கம்ப்யூட்டரோ சுவரோடு ஒட்டி, இரும்பு அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. அங்கே சிக்னல் எங்கே வரும்? இன்னொன்றில் ஆண்டெனா தனியாக, நீள ஒயரோடு, அடியில் காந்தத்தோடு இருந்தது. அதையே எடுத்தேன். "கம்ப்யூட்டர் கேசிங் ஒல்லியா குண்டா?" என்று கேட்டார். ஒல்லி என்றேன். கார்டு பெட்டிக்குள் குட்டைத் தகடு ஒன்று இருக்கிறது, அதை மாற்றிப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் மூடி மூடாது என்றார்.

மாலையில் பூட்டினேன். ஆண்டெனாவை அலமாரி உச்சியில், சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்ததும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கோடுகள் நிரம்பி, 'அம்மா ஒன்லி'.

அது தம்பி போனின் ஹாட்ஸ்பாட். விருந்தாளியாக வரும்போதெல்லாம் அவன் டேட்டாவை நான் உறிஞ்சுகிறேன் என்று, என்னை வம்புக்கு இழுக்கவே அவன் வைத்த பெயர். செத்தவன் பெயர் வைத்த லைன், இப்போது, இந்த நிமிஷம், காற்றில் இருக்கிறது!

பயம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் எனக்கு வெறி பிடித்தது. போனை எடுத்த படுபாவி இதே பிளாட்டில்தான் இருக்கிறான்! என் போனில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே வராந்தாவில் நடந்தேன். லிஃப்ட் பக்கம் போனால் கோடுகள் குறைந்தன. மாடிப்படியில் பெயரே காணோம். திரும்பி நடக்க நடக்கக் கோடுகள் ஏறின. எங்கள் வீட்டு வாசலில் முழுசாக நின்றன.

உள்ளே அம்மா விளக்கேற்றிவிட்டு, தன் போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தம்பி படத்து மாலைக்குப் பின்னாலிருந்து ஒரு சார்ஜர் ஒயர் இறங்கியது. அத்தனை நாள் அதை சீரியல் பல்பு ஒயர் என்றே நினைத்திருந்தேன். அதன் நுனியில் தம்பியின் போன்.

"ஆஸ்பத்திரியில என் கையிலதான் குடுத்தாங்க" என்றார் அம்மா, தலை நிமிராமல்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ இதையும் வெட்டிடுவ. அவன் டிவி லைன வெட்டின, ஜிம்ம வெட்டின, பேங்க் கார்ட வெட்டின. இது ஒண்ணு கிடக்கட்டும்னு நானே கடையில டாப்-அப் போட்டுக்கிறேன்."

"அதுக்கு ஏன் தினம் ஆன் பண்றீங்க?"

"ஏழு மணிக்கு வந்தா, கால் சப்பாத்துகூடக் கழட்டாம மொதல்ல இதத்தான் தட்டுவான். என் போன் அவன் லைன்ல தானா ஒட்டிக்கும். அத வெச்சுதான் அவன் வந்துட்டான்னு எனக்குத் தெரியும்."

மாலைக்குப் பின்னாலிருந்து போனை எடுத்தேன். பூட்டியிருந்தது.

"திறக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் தினம் வெளியவே நிக்கிறேன்? மேலேருந்து இழுத்து ஹாட்ஸ்பாட்ட தட்டுவேன், அவ்வளவுதான். அதுக்குப் பூட்டு கேக்காது."

தோன்றிய நம்பரைப் போட்டுப் பார்க்க விரலை வைத்தேன். அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "தப்புத்தப்பாப் போட்டு எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னா?" அவன் குரல் அதற்குள்ளேயே இருந்துவிட்டது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போன மாதம் அம்மா ரவாங்கில் தன் அக்கா வீட்டில் சில நாள் தங்கப் போனார். தம்பி போனை எடுத்துப் போகவில்லை. "அவன் வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

அன்று மாலை வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், என்னையறியாமல் வைஃபை பட்டியலைத் திறந்தேன். மணி ஏழு. அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் இருந்தன, அவன் மட்டும் இல்லை. ஏழரைக்கும் இல்லை. வீடு என்னவோ போல இருந்தது, உட்காரவே முடியவில்லை. எழுந்து விளக்கேற்றினேன். மாலைக்குப் பின்னால் கைவிட்டுப் போனை எடுத்து, மேலிருந்து இழுத்துத் தட்டினேன்.

கம்ப்யூட்டரில் பெயர் வந்தது, கோடுகள் நிரம்பி.

ரவாங்குக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்தார். காத்திருந்தார்.

"வந்துட்டான்மா" என்றேன்.