மஞ்சள் தடவாமல் வந்த லெட்டர்

வீட்டிலிருந்து வந்த லெட்டரைப் பிரிக்காமல் ஒன்பது நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிய உங்களால் முடியுமா? எனக்கு ப்ளூ டிக் விழுந்து ஒன்பது நிமிஷம் பதில் வரவில்லை என்றாலே மண்டை காய்ந்துவிடும். எங்கள் தாத்தா அப்படித் திரிந்திருக்கிறார். அதுவும் பங்களாதேஷ் சண்டையில்.

போன ஞாயிற்றுக்கிழமை நிலத்துப் பட்டாவைத் தேடி அவருடைய பச்சை ராணுவப் பெட்டியை நானும் அப்பாவும் கவிழ்த்தோம். தாத்தா பேச்சு வந்தால் அப்பாவுக்கு ஒரே டயலாக்தான்: "அந்தாளு என்னையத் தூக்கிப் பாத்ததே இல்லடா." தாத்தா போய்ப் பன்னிரண்டு வருஷமாகியும் அது மாறவில்லை.

பட்டா இல்லை. தாத்தா ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் ஒரு கட்டு இருந்தன.

எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எழுதக்கூடாது போல. அதனால் சேறு, வேகாத சப்பாத்தி, ஆறு நாளாகக் கழற்றாத பூட்ஸ் என்று எழுதித் தள்ளியிருந்தார். ஸ்கூல் புக்கில் அந்தப் போர் அரைப் பக்கம். இங்கே ஒரு மனிதர் ஈர சாக்ஸை வயிற்றில் கட்டிக் காய வைக்கிறார்.

எல்லா லெட்டரும் ஒரே மாதிரி முடிந்தன. பதில் எழுதினால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பு. நல்ல சேதி என்றால்தானே மஞ்சள் தடவுவோம். பிரிக்கும் முன்பே தெரிந்துகொள்ள மனிதர் போட்ட பிளான் அது.

பிறகு ஒரு தபாலில், இரண்டு வயது அப்பாவுக்குக் கடும் காய்ச்சல் என்று அவருக்குச் சேதி போயிருக்கிறது. அடுத்துப் போன லெட்டரில் மஞ்சள் இல்லை. அதற்குத் தாத்தா எழுதிய பதிலை நான் சத்தமாகப் படித்தேன்.

"பிரிக்கத் தெகிரியம் வரல. ஒம்பது நாளு பாக்கெட்டுலயே கெடந்துச்சு. கடைசியில எங்கூட இருந்த பொம்மிடிக்காரன்கிட்ட குடுத்து, நீ படிடான்னேன். அவன் சிரிச்சதுக்கப்புறந்தான் கையில வாங்குனேன்."

ஆயா எழுதிய அந்த லெட்டரையும் அதோடு மடித்து வைத்திருந்தார். பையனுக்கு வந்தது அம்மையாம். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இப்போது ஓடி ஆடுகிறானாம். கீழே இரண்டு வரி: "வூட்ல இருந்த மஞ்சளு பூரா வேப்பிலயோட அரைச்சு அவன் மேலதான் பூசுனேன். அம்மை பாத்த வூடு, பக்கத்துல போயி கேக்கவும் முடியாது."

அப்பா நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒன்பது நாள் என்று நிஜமாகவே போட்டிருக்கிறதா என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடியைப் போட்டு அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அப்ப ஊருக்கு வந்தப்புறம் ஏன்டா தூக்கல?"



இப்போது அப்பா மோட்டார் போடக் கொல்லைக்குப் போயிருக்கிறார். இரண்டு லெட்டரும் அவர் சட்டைப் பையில் இருக்கின்றன.