படித்துறைக்கு விட்ட இடைவெளி

நான் இப்போது மகனோடு வசிக்கும் கனடியச் சிற்றூரில் ஓடும் ஆற்றை யாரும் திறந்துவிடுவதில்லை. அது பாட்டுக்கு ஓடுகிறது. டெல்டாவில் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு இது ஒழுங்கீனமாகவே படுகிறது. ஆணை இல்லை, முறை இல்லை, கடைமடைக்காரர்களின் சாலை மறியல்கூட இல்லை. உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள பக்கத்து வீட்டுக் கிளென், “உங்கள் ஊர் ஆறு எவ்வளவு ஆழம்?” என்று ஒருநாள் கேட்டார். “எந்த மாதத்தில்?” என்றேன். வேடிக்கை என்று நினைத்து வெகுநேரம் சிரித்தார்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில், காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு மதகு, ஓர் அரசமரம், ஒரு படித்துறை. பார்க்க வேண்டிய இடங்கள் அவ்வளவுதான். பூம்புகாருக்குப் போன வணிகர்கள் கட்டிய படித்துறை என்பார்கள். செங்கல்லைப் பார்த்தால் அத்தனை வயது தெரியாது. ஆனால் ஊரில் யார் இறந்தாலும் கருமாதி அங்கேதான். என் மனைவிக்கும் அங்கேதான் செய்தோம். எனக்கும் அங்கேதான் என்று மகனிடம் சொல்லிவைத்திருந்தேன்.

இந்தக் கோடையில் என் சித்தப்பா மகன் செல்வராசு ஊரிலிருந்து கூப்பிட்டான். கரையில் தடுப்புச்சுவர் கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். வரைபடத்தில் படித்துறை இல்லை. அதை இடித்துவிட்டு நேராகக் கட்டப்போகிறார்கள். யாருக்கு மனு, யாருக்கு நகல், எந்த விதியில் மாற்றம் கேட்பது என்று விரிவாக விளக்கினேன்.

“அண்ணே, நீங்க சொல்ற ஆபீசருங்க எல்லாம் கையெழுத்துப் போடுறதுக்குள்ள நாங்க குறுவையே அறுத்துருவோம்.”

துறையை அறிந்தவன், மறுக்க முடியவில்லை. விஷயத்தைக் கேட்ட மகன், “அப்ப உங்கள எங்கப்பா கொண்டுபோறது?” என்றான். பழைய கையேட்டில் அதற்கும் ஒரு விதி தேடினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் கோவிந்தசாமி மாமா காலமானார். வரப்புத் தகராறு இல்லாமல் ஒரு போகம்கூடக் கழிக்காத மனிதர். பதினாறாம் நாள், வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டி, இறந்தவராகவே பாவிக்கும் கருமாதிக் கல்லைப் படித்துறையில் நட்டார்கள். எதிரே ஜேசிபி தயாராக நின்றது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் பொறியாளர் இறங்கி வந்து, “ஏங்க, இத வேற எடத்துல வச்சுக்கக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறார்.

“வச்சுக்கலாங்க. அவர ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று செல்வராசு கல்லைக் காட்டியிருக்கிறான். “உசுரோட இருந்தப்பவே யார் பேச்சையும் கேட்டவரில்ல.”

பொறியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசமரத்தடியில் உட்கார்ந்து சடங்கு முடியும்வரை பார்த்தார். மாமாவின் மகன்கள் ஊற்றுநீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு படியேறியபோது எழுந்து நின்றாராம். “எங்கப்பாவுக்கும் இப்படி ஒரு படியிலதாங்க பண்ணுனோம்” என்றாராம். மறுநாள் படித்துறைக்கு இடைவெளி விட்டு, இருபுறமும் சுவருக்குக் கோடு போட்டார்கள்.

“மாத்தத்துக்கு மேலிடத்துல அனுமதி வாங்கிட்டாரா?” என்று கேட்டேன்.

“வாங்கிக்கிறாராம். நீங்க மொதல்ல சந்தோசப்படுங்கண்ணே.”

விதிகளை ஒதுக்கிவிட்டுச் சந்தோஷப்பட்டேன். பல நாள் கழித்து அன்றுதான் சோறு இறங்கியது.

கிளெனிடம் கதையைச் சொன்னேன். அவர் என்னை ஆற்றோரம் அழைத்துப்போய் ஒரு பெஞ்சைக் காட்டினார். அதில் இறந்துபோன ஒருவரின் பெயர் பித்தளைத் தகட்டில் இருந்தது. இங்கே அதுதான் வழக்கமாம். “உங்களுக்கும் ஒன்று வைப்போம்” என்றார் அன்பாக. எங்கள் படித்துறையில் ஒருவர் பெயரும் கிடையாது. போன மாதமாக இருந்தால் அபசகுனம் என்று முகத்தைத் திருப்பியிருப்பேன். இப்போது படித்துறை பிழைத்துவிட்டது; வேண்டாமென்று சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன்: “பேர இவங்க வச்சுக்கட்டும். என்னை மட்டும் அங்க கொண்டுபோயிடு.”