ரேடார் பெட்டிக்கு வைத்த சந்தனம்

என் நாத்தனாரும் அவர் கணவரும் அமெரிக்காவிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு சேலையும், ஏழு மாதக் குழந்தையான என் மகளுக்கு நான்கு கவுன்களும், என் கணவருக்குக் கறுப்பு நிறத்தில் கையகல டப்பா ஒன்றும் கொண்டுவந்தார்கள். சேலையை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவைத்தான் வீடே சுற்றி நின்று பார்த்தது. அங்கே போலீஸ்காரர்கள் ரேடார் என்ற கருவியை வைத்து வண்டிகளின் வேகத்தை அளப்பார்களாம். அது எதிரே எங்காவது இருந்தால் இந்த டப்பா முன்கூட்டியே கத்திக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

திண்டுக்கல்லில் எந்தப் போலீஸ்காரர் கையில் ரேடார் இருக்கிறது என்று நான் கேட்டேன். என் கணவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். இருப்பது வெளியே தெரிந்தால் பிறகு இந்த டப்பா எதற்கு என்றார்.

அவர் மோட்டார் பம்புசெட் சாமான் விற்பவர். கன்னிவாடி, கீரனூர் என்று தோட்டம் தோட்டமாகப் போகிற பழைய ஃபியட் கார் ஒன்று வைத்திருந்தார். மெக்கானிக் பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்துப் பெட்டிக்கு இணைப்புக் கொடுத்தார். சொருகியதும் ஒருமுறை 'பீப்' என்று சொல்லி, சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும். அதன்பின் கத்துவது அதன் இஷ்டம். சில நாள் ஊர் எல்லை தாண்டுவதற்குள் மூன்று முறை கத்தும், சில நாள் பழனி வரைக்கும் வாயைத் திறக்காது. கத்தினால் பிரேக்கை மிதிப்பார். கத்தாவிட்டால் ரோடு தனக்கே எழுதிக்கொடுக்கப்பட்ட மாதிரி ஓட்டுவார். முன்பு ஐம்பதில் போனவர், பெட்டி வந்தபிறகு எண்பதில் போனார்.

அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆங்கிலக் குறிப்புப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். வெயிலில் விடக்கூடாது என்று போட்டிருந்தது. வண்டி வந்து நின்றதும் கழற்றி எடுத்துவந்து பீரோவில், குழந்தைத் துணிகளுக்கு நடுவே வைப்பேன். மென்மையான காய்ந்த துணியால் துடைக்கவும் என்று போட்டிருந்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன என் மகளின் இடுப்புத்துணியால் துடைப்பேன். பெட்டியைக் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கிற ரப்பர் குமிழ்கள் திண்டுக்கல் வெயிலுக்கு இளகி, பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் பெட்டி என் மடியில் வந்து விழும். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பெட்டி. எது முதலில் அழும் என்று சொல்ல முடியாது.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, தையல் மெஷின், கார், ஸ்பேனர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். வேலை செய்கிற எதையும் விட்டுவிடக்கூடாது என்பது மாமியார் வாக்கு. ஈரம் படவே கூடாது என்பது குறிப்புப் புத்தகத்தின் வாக்கு. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். புத்தகத்தை எழுதியவர் அமெரிக்காவில் இருந்தார், மாமியார் பக்கத்து அறையில் இருந்தார். சந்தனத்தைக் குழைத்து, நடுவில் வரிவரியாகத் துளைகள் இருந்த இடத்தில் நன்றாகவே அப்பினேன். குங்குமம் நிற்க வேண்டுமே.

மறுநாள் விஜயதசமி. நெய்க்காரப்பட்டியில் என் சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். காய்ந்த சந்தனத்தை வெளியே துடைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் சொருகினார். விளக்கு எரிந்தது. பீப் வரவில்லை. அவர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சத்தம் வருகிற துளைகளைத்தான் அடைத்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

சொல்லலாமா? அமெரிக்காவிலிருந்து வந்த சாமானை ஒரு விரல் சந்தனத்தில் கெடுத்தவள் என்று பேர் வாங்க வேண்டும். ஒருவேளை கெட்டிருக்காது. ஒருவேளை பீப் வந்து எனக்குத்தான் கேட்கவில்லையோ? ஒட்டன்சத்திரம் தாண்டியதும் முள் எண்பதைத் தொட்டது. ஒரு மாட்டுவண்டியை உரசுகிற மாதிரி ஒடித்துத் திருப்பினார். என் மகளின் தலை கதவுப்பக்கம் போய் என் உள்ளங்கையில் வந்து மோதியது. கை அங்கே இல்லாவிட்டால் இரும்பு.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா."

"பெட்டி சும்மாதான இருக்கு. ரோட்டுல ஒருத்தனும் இல்ல."

"அது கத்தாதுங்க. நேத்து நான் அதோட வாய்ல சந்தனம் வச்சுட்டேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் இருந்த புளியமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஒரு போலீஸ்காரர் நிற்பதாக நினைத்திருப்பார் போல. வண்டி நாற்பதுக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது. பின்னால் வந்த பஸ் எங்களைத் தாண்டும்போது கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்னப்பு, தள்ளி விடணுமா?" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்: "சாமிக்குன்னு வச்சியா, அது வாய அடைக்கணும்னு வச்சியா?"

சாமிக்குத்தான் என்றேன். சொல்லும்போதே எனக்கே சந்தேகமாக இருந்தது. குங்குமம் நிற்க அவ்வளவு சந்தனம் வேண்டுமா என்ன?

சித்தி வாசலிலேயே நின்றிருந்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, பஸ்ஸுல வந்தவங்கெல்லாம் சாப்டே முடிச்சுட்டாங்க" என்றார். இவர் டயர் மேல் பழியைப் போட்டார்.

சாப்பாடு முடிந்ததும் சித்தியிடம் ஒரு ஊக்கு வாங்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு துளையாகச் சந்தனத்தைக் குடைந்து எடுத்தேன். சொருகியபோது 'பீப்' என்றது. ஆனால் சளி பிடித்த குரல். உள்ளே எவ்வளவு போயிருக்கிறதோ, யார் கண்டது?

கிளம்பும்போது அவர், "சரியாப் போச்சா?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது.

"சத்தம் வருது. ஆனா எல்லாத்துக்கும் கத்துமான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றேன்.

திண்டுக்கல் வரும்வரை முள் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. என் மகள் வழி முழுக்கத் தூங்கினாள். அதன்பிறகு வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் அதே கேள்வியைக் கேட்டார். நானும் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, மனசாட்சிக்கு விரோதமில்லாமல் அதே பதிலைச் சொல்லிவந்தேன்.