6.40 இறங்கு

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. இந்த வரலட்சுமிக்கு வாய் நீளம், ஆனால் பொய் வராது. என்னோடு வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இது நடந்தது. 1994, ஆயுத பூஜையன்று, அம்பத்தூர் எஸ்டேட்டில். அதுவும் பகல் வெளிச்சத்தில்.

எங்களுடையது சின்ன கம்பெனி. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் ஒன்றைக் கம்ப்யூட்டர் வைத்து ஓட்டினோம். அந்த சிஸ்டத்தை எழுதியவள் நான். "இறங்கு" என்று பிரஸ்ஸுக்குப் போகும் ஒவ்வொரு உத்தரவும் நேரத்தோடு ஒரு ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலில் தேவையான பகுதி, அதாவது பக்கம், மெமரியில் இல்லையென்றால், சிஸ்டம் கொஞ்சம் நின்று, டிஸ்க்கிலிருந்து அதை எடுத்து வரவேண்டும். பேஜ் ஃபால்ட் என்போம். சனியன், அங்கேதான் கோளாறு. பக்கம் வந்து சேர்வதற்குள், அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த பழைய குப்பையை சிஸ்டம் எடுத்து நீட்டிவிடும். பிரஸ்ஸும் அதைப் புது உத்தரவு என்று நம்பி இறங்கிவிடும்.

அந்த வாரம் இரண்டு தடவை அப்படி இறங்கியது. இரண்டு தடவையும் ஆபரேட்டர் துலுக்கானத்தின் கை மயிரிழையில் தப்பியது.

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மதியமே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். துலுக்கானம் மட்டும் போகவில்லை.

"இன்னைக்கு மெஷினைத் தொடக்கூடாதுண்ணே," என்றேன்.

"நாளைக்குக் காத்தால என் கைதான மேடம் உள்ள போவும்? ஊட்ல ரெண்டு பொண்ணு கீது. இன்னைக்கே சரி பண்ணிக் குடு. சாமி ஒண்ணியும் சொல்லாது."

அவர் கையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

தினமும் காது கிழியும் எஸ்டேட். அன்று ஒரு சத்தம் இல்லை. வாசலில் கட்டிய வாழை இலை காற்றில் உரசுவதுகூடக் கேட்டது.

புரோகிராமைத் திருத்தினேன். முதலில் பக்கத்தைச் சுத்தமாகத் துடைக்கவேண்டும். டிஸ்க்கிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்கவேண்டும். அவ்வளவுதான். நாலு மணிக்குக் காலி ஃபைல் ஒன்றை வைத்து ஓட்டினேன். திரையில் ஒன்றுமே வரக்கூடாது.

இரண்டு வரி வந்தது.

4.17 இறங்கு.

6.40 இறங்கு.

எரிச்சல் தலைக்கேறியது. நேற்றைய குப்பை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். மறுபடி துடைத்தேன். ஃபைலையே அழித்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன்.

அதே இரண்டு வரி...

"இன்னாச்சு மேடம்?"

"பழசு போய்த் தொலைய மாட்டேங்குதுண்ணே."

"நீ பாரு. நான் அந்த எலுமிச்சம்பழத்த எடுத்துடறேன்."

பூஜைக்கு வைத்த பழம் பிரஸ்ஸின் வாய்க்குள் உருண்டிருந்தது. "மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கை வைங்க!" என்று கத்தினேன். அவரும் ஆஃப் செய்தார். பிரஸ்ஸில் எரிந்த பச்சை விளக்கு அணைந்ததை நானே பார்த்தேன்.

அவர் கையை உள்ளே விட்டார்.

விர்ர்ர்ர்...

கரண்டு இல்லாத பிரஸ்ஸின் பெரிய சக்கரம் சுற்றியது.

அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்திப் பிடித்தால்தான் கம்ப்யூட்டர் சொன்னாலும் இறங்கும். வேலை நாளில் வேகத்துக்காக இரண்டையும் அழுத்தி டேப் ஒட்டிவிடுவார்கள்; பூஜைக்காக அன்று அதைப் பிரித்திருந்தார்கள். பட்டன்கள் மேல் வைத்திருந்த சந்தனம் நசுங்கியது... இரண்டும் ஒன்றாக உள்ளே போயின.

அங்கே யாரும் இல்லை.

"அண்ணே! கையை எடு!"

"புட்சிகினு கீது மேடம்... உள்ள... புட்சிகினு கீது..."

டொம்!

முழங்கை வரை போய்விட்டது. ரத்தம் என் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. அவர் அலறிய அலறல்... ஐயோ, இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கடப்பாறையைச் சக்கரத்தில் செருகி முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். அரை அடி நகர்ந்தது. திரும்பி வந்தது. மறுபடி தள்ளினேன். கடப்பாறை எகிறி என் தாடையில் அடித்தது. ஒரு பல் கையில் விழுந்தது.

எதிர்ப்பக்கம் யாரோ தள்ளினார்கள்.

"விடுடா நாயே!"

கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தேன். சக்கரம் சுற்றி, பிரஸ் மேலே போனது.

அவரை இழுத்துப் போட்டு என் துப்பட்டாவால் கையை இறுக்கிக் கட்டினேன்.

சுவரில் மணி 4.17.

ஆட்டோவில் என் மடியில்தான் கிடந்தார். ஆஸ்பத்திரியில் கையை எடுத்தார்கள். "பொழைச்சுட்டார்," என்றார் டாக்டர். அவர் மனைவி பஞ்சவர்ணம் என் காலில் விழுந்து அழுதாள். அப்போதுதான் எனக்கு அந்த இரண்டாவது வரி ஞாபகம் வந்தது.

கண்ணாடி வழியே பார்த்தேன். நல்ல தூக்கத்தில் இருந்தார். திடீரென்று உடம்பு கட்டிலில் துள்ளியது. மேலிருந்து ஏதோ அடித்தது போல ஒரே ஒரு தடவை. மார்பு உள்ளே அமுங்கியது. அவ்வளவுதான், ஆள் போய்விட்டார்.

நர்ஸ் நேரம் சொன்னாள். 6.40.

மறுநாள் போலீஸோடு ஷெட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரிலிருந்து பிரஸ்ஸுக்குப் போகும் கேபிள், சுருட்டி அலமாரி மேல் கிடந்தது. மாலை போடுவதற்காகப் பூஜைக்கு முன்பே கழற்றினார்களாம். என் சிஸ்டம் அன்று முழுக்க எதோடும் இணைந்திருக்கவே இல்லை.

வாட்ச்மேன் செங்கல்வராயன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"போலீஸாண்ட சொல்லல மேடம். நேத்து சாயந்தரம் ஷெட்ட பூட்டிட்டு வாசல்ல குந்திகினு இருந்தேன். ரேடியோல ஆறரை நியூஸ் அப்பதான் முடிஞ்சுது. உள்ள பிரஸ் இறங்குச்சு. ஒரே ஒரு தபா. கூடவே நம்ம துலுக்கானம் கத்துனான், மேடம்... உங்க பேரச் சொல்லி."