கட்டுமரம் போகாத ஞாயிற்றுக்கிழமை

ராயபுரத்துக் கடலோரத்தில் தோட்டம் போடுகிறேன் என்று சொன்னால் யாரும் தடுக்கமாட்டார்கள், சிரிப்பார்கள். மண் என்று பெயர், எல்லாம் மணல். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். சித்திரை வைகாசியில் சுவருக்கே வேர்க்கும். மத்தியானம் கடற்காற்று எழுந்தால் உடம்புக்குச் சுகம்தான். ஆனால் அதில் வருகிற உப்பு, இலை நுனிகளைச் சுருட்டு வைத்துச் சுட்டதுபோல் கருக்கிவிடும். வெண்டை இரண்டு முறை வைத்தேன். இரண்டு முறையும் காற்றே சாப்பிட்டது.

அவரை மட்டும் பிழைத்தது. ஆடியில் விதை ஊன்றி, தெருக்குழாய்த் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் சுமந்து ஊற்றி, சவுக்குக் கழி நட்டுப் பந்தல் போட்டேன். ஐப்பசி மழையில் கொடி மேலேறும். கார்த்திகையில் பூக்கும். மார்கழிப் பனி விழுந்ததும் கொத்துக் கொத்தாய்க் காய், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊதாக் கோடு.

நான் அப்போது துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் கிடங்கில் "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை அங்கே போய் வாய் திறக்கும்வரை என் குரலை நானே கேட்க வழியில்லை. அவரைக்காய்க் காலத்தில்தான் அது மாறும். பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் கருவாட்டுக் குழம்புக்குக் காய் பறிக்க வருவார்கள். பறிப்பது கொஞ்சம், பேசுவது நிறைய. மருமகளைத் திட்டுவார்கள், புருஷனைத் திட்டுவார்கள், போகிற போக்கில் என் அடுப்பை எட்டிப் பார்த்து என் சமையலையும் திட்டுவார்கள். நான் ஏதோ வேலை இருப்பதுபோல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். ஆகவே பந்தல் போனால் காய் போவது பெரிதல்ல. மார்கழியும் தையும் என் வீடு ஊமையாகிவிடும். முந்தின வருஷம் ஒரு புயலில் பந்தல் பறந்து, அப்படித்தான் ஆயிற்று.

அந்தப் பீதி என்னை விடவேயில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைக்குப் போனேன். கட்டுமரங்கள் எல்லாம் மேட்டில் ஏறிக் கிடந்தன. கடலில் ஒரு பாய் இல்லை, மணலில் ஒரு ஆள் இல்லை. வானம் அழுக்கு வேட்டி நிறம். துறைமுகத்துக் கொடிமரத்தை எட்டிப் பார்த்தேன். புயல் வருவதாக இருந்தால் அதில் கறுப்புக் குண்டு ஏற்றுவார்கள். குண்டு இல்லை. புத்தியுள்ளவன் அதோடு காப்பி குடிக்கப் போயிருப்பான். நானோ, 'குண்டு ஏற்றுகிற துறைமுகத்துத் துரை ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறார், மீன் பிடிக்கிறவனுக்குத்தான் கடல் தெரியும்' என்று தீர்ப்பெழுதி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினேன்.

ஓடும்போதே யோசனை பிறந்துவிட்டது. பந்தல் நின்றால்தானே காற்று தள்ளும்? நாமே படுக்க வைத்துவிட்டால்? கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசிக்கு முந்தின கழி வரைக்கும் எல்லாம் மரியாதையாக இறங்கியது. கடைசிக் கழி என்னைக் கேட்கவில்லை. பந்தல் மொத்தமும் என் தலைமேல் உட்கார்ந்தது. மழையில் ஊறிய கொடி என்ன கனம் தெரியுமா! இலைக்குள்ளேயே தவழ்ந்து, காதில் ஒரு பூவோடு வெளியே வந்தேன். கோணிப்பைகளைப் போர்த்தினேன். அம்மிக்கல்லைப் புரட்டி வைத்தேன். டிரங்குப் பெட்டியையும் தூக்கி வைத்தேன். அப்படியும் பாரம் போதாது என்று பட்டது. வீட்டில் பாக்கியிருந்த கனமான சாமான் நான்தான். பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து குடையை விரித்தேன்.

இலை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் வேறு வந்தது.

வேலிக்கு அப்பால் மீன்காரி வந்து நின்றாள். வருஷா வருஷம் முதல் காய் பறிக்கிறவள் அவள்தான்.

"இன்னா நைனா, பொட்டி மேல குந்திகினு குடை பிடிச்சிகினு கீற? ரயிலு இங்கயே வருதா?"

"புயல் வருதும்மா! நீயும் போய்க் கூரையை இறுக்கிக் கட்டு!"

"புயலா? யாரு சொன்னா உன்க்கு?"

"யாரு சொல்லணும்? கடல்ல ஒரு மரம் இருக்கா பாரு!"

"அய்ய! நாட்டாமை வூட்டுக் கெயவரு விடியக்காலம் பூட்டாரு நைனா. சாவு வுயுந்தா எவன் கடலுக்குப் போவான்? எடுக்கற வரிக்கும் ஒரு மரம் எறங்காது. இத்தினி வருசமா இங்கதான கீற, இது தெரியாதா?"

அது தெரியும். சாவு விழுந்ததுதான் தெரியாது.

"எனக்கு யாரும் சொல்லலையேம்மா."

"வூடு வூடா ஆளு வந்து சொல்லிச்சே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். என் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உன் வூடு குப்பத்துக் கணக்குல வராதுல்ல" என்றாள், கொஞ்சம் மெதுவாக. அப்புறம் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கப் போனாள்.

நானும் போயிருக்கலாம். சொல்லாத சாவுக்குப் போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, சாயங்காலம் வரை மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கழிகளை மறுபடி நட்டேன். அம்மிக்கல் வைத்த இடத்தில் அடித்தண்டு நசுங்கியிருந்தது. பூ உதிர்ந்தது, இலை மஞ்சளாயிற்று, கொடி காய்ந்து சருகாய்த் தொங்கியது. புயலா? அந்த வருஷம் அது எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் அடித்த ஒரே புயல் நான்.

மார்கழி பிறந்தது. குப்பத்துப் பெண்கள் பேசிக்கொண்டே என் வாசலைத் தாண்டிப் போனார்கள். எதற்கு நிற்கவேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கமாட்டாமல் தண்டையார்பேட்டைக்குப் போய் அவரைக்காய் வாங்கிவந்தேன். முறத்தில் பரப்பி, பனி மாதிரி இருக்கட்டும் என்று கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மீன்காரி நின்றாள். ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்த்தாள்.

"ஓரத்துல ஊதாவே இல்லியே. மார்க்கெட்டு காயி."

"இது வேற ரகம்மா."

"செத்த செடியில காய்க்கிற ரகமா?"

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவைத்து, காய் முழுவதையும் மடியில் அள்ளிக்கொண்டாள். மருமகளைப் பற்றி அரைகுறையாய் ஏதோ சொன்னாள். வெயில் ஏறுகிறது, மீன் தாங்காது என்று உடனே எழுந்துவிட்டாள்.

"சாவு சொல்ற ஆளாண்ட நான் சொல்லி வெக்கிறேன் நைனா. இனிமே யாராவது பூட்டா உன் கதவையும் தட்டுவான்."

"மறந்துடாதேம்மா."

அன்றிலிருந்து ராத்திரியில் தாழ் போடுவதை விட்டேன். விடியற்காலையில் தெருவில் காலடி கேட்டால் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்வேன். அந்தக் குப்பத்து ஜனங்கள் கெட்டி உடம்புக்காரர்கள். தை போயிற்று, மாசி போயிற்று, ஒருவரும் சாகவில்லை. நல்ல சங்கதிதான், இதில் நான் யாரைக் குறை சொல்ல?