ஆறு பேருக்கு ஒரு சஹன்

தில்லையடியில் என் கூடப்பிறந்த ராத்தாவின் சாப்பாட்டுக்கடையில் முன்பு நாலு பேர் வேலை செய்தார்கள். சாமான் விலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொருத்தராகக் கட்டார், சவூதி என்று பறந்துவிட்டார்கள். ராத்தா கொடுக்கும் சம்பளத்தில் பிள்ளைக்குப் பால்மா வாங்கக்கூட முடியாதாம். கடைசியாக ரொட்டி போடுகிற சமையல்கார பாஸும் பெட்டியைக் கட்டியபோது, அவருக்கு வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து நல்லபடி போய்ச் சேர துஆ கேட்டு அனுப்பினாள் ராத்தா. எனக்கு வந்ததே கோபம்! விட்டுவிட்டு ஓடுகிறவனுக்குப் பார்சல் வேறா?

வாசலில் ‘வேலைக்கு ஆள் தேவை’ என்று எழுதி ஒரு காட்போட் மட்டையைத் தொங்கவிட்டோம். வெயிலில் எழுத்து வெளுத்ததுதான் மிச்சம். அரிசி காலையில் ஒரு விலை, பின்னேரம் இன்னொரு விலை. சமையல் காஸ் கண்ணிலேயே படவில்லை. ராத்தா பின்பக்கம் கல் கூட்டி விறகில் சமைத்தாள். அதைக்கூடச் சமாளித்துவிட்டாள். பரிமாறுவதும் சாப்பிட்ட பீங்கான் கழுவுவதும்தான் உயிரை எடுத்தது. லொறி ஓட்டம் முடிந்து மத்தியானத்தில் நான் வந்து நிற்பேன். என் வாய்க்குப் பயந்து யாரும் இரண்டாம் தரம் சோறு கேட்கமாட்டார்கள்.

“வாற வெள்ளி வரைக்கும் பார்ப்பம். ஏலாட்டி மூடுவம்” என்றாள். மச்சான் மௌத்தாகி அவள் தனியான பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கடையை வைத்துத்தான் வளர்த்தாள். மூடினால் அடுத்த வேளைக்கு என்ன வழி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை நான் போனபோது அலுமாரிக்கு மேலிருந்த பெரிய சஹன் தட்டுகளை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் கலியாணங்களில் ஆறு பேர் பாயில் வட்டமாக இருந்து, ஒரே பெரிய சஹனில் அவரவர் பக்கத்துச் சோற்றை எடுத்துச் சாப்பிடுவோம். ஆறு பேரும் சேராமல் யாரும் கை வைப்பதில்லை. கடைசி ஆள் முடிக்காமல் யாரும் எழும்புவதுமில்லை.

“உங்களுக்கு என்ன பைத்தியமா ராத்தா? இது கலியாண வீடா? முன்பின் தெரியாதவனோட ஒரு சஹன்ல எவன் கை வைப்பான்? கொரோனா போனது நேத்து!”

“கலியாணத்துல மட்டும் எல்லாரும் தெரிஞ்ச ஆக்களா? சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வரட்டும். ஆறு பீங்கானுக்கு ஒரு சஹன். எனக்கு ஒரு கழுவல். சாப்பிடுற ஆளுக்கும் விலை குறையும்.”

ஜும்மா தொழுகை முடிந்து சனம் வந்தது. விரித்திருந்த பாயையும் சஹனையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றது. அப்போது, கற்பிட்டியிலிருந்து ராத்தாவுக்கு மீன் கொண்டுவருகிற கத்தோலிக்க மனிதர், “எனக்குப் பசிக்குதக்கா” என்று நேரே போய்ப் பாயில் சம்மணமிட்டார். ராத்தா சஹனில் சோறு போட்டு வைத்தாள். அவர் கையை நீட்டவும், “ஆறு பேர் சேரட்டும் தம்பி” என்றாள்.

மனிதர் ஆவி பறக்கும் சோற்றையும் மேலே ஊற்றிய மீன் ஆணத்தையும் பார்த்தார். வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார். “அட வாங்களேன் நானாமார்! நீங்க வராம இந்த மனுசி எனக்குச் சோறு தராது!”

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே ஐந்து பேர் வந்து பாயில் இருந்தார்கள்.

அந்த ஐவரில் மெலிந்த ஒருவர், யாருக்கும் தெரியாதவர், சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். சரியாகச் சாப்பிட்டுப் பல நாள் இருக்கும். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டு, மீன் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு, அவருடைய பக்கத்துக்கு மெதுவாகச் சோற்றைத் தள்ளிவிட்டார்கள். வாசலில் அடுத்த கூட்டம் காத்திருந்தது. “எழும்புங்கப்பா” என்று கத்தப் போனேன். ராத்தா ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் முடித்த பிறகுதான் எல்லாரும் எழும்பினார்கள். மீன்காரர் சஹனைத் தூக்கிக்கொண்டு கழுவப் பைப்படிக்குப் போனார். ஒருவர் பாயை உதறிப் போட்டார். மெலிந்த மனிதர் தண்ணீர்ச் செம்பை எடுத்து, அடுத்து வந்தவர்களின் கைக்கு ஊற்றத் தொடங்கினார். யாரும் சொல்லவில்லை. கலியாண வீட்டில் செய்வதைத்தான் செய்தார்கள். என் ராத்தாவின் மூளையை நினைத்து அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

அவள் வாசலுக்குப் போய், ‘ஆள் தேவை’ மட்டையைக் கழற்றி, இரண்டாகக் கிழித்து அடுப்புக்குள் செருகினாள்.

“என்ன ராத்தா செய்றீங்க? ஆள் வேணாமா?”

“ஆள் வந்துட்டாங்க. நீ போய் அடுத்த ஆறு பேரக் கூப்பிடு.”