பின்வரிசையும் குணமண்ணையின் கண்ணாடி யன்னலும்

உதைபந்தாட்ட வர்ணனையாளனுக்கு வேண்டியது கணீரென்ற குரல் என்றொரு நம்பிக்கை நாட்டில் உலவுகிறது. அது தவறு, அதைத் திருத்தாமல் நான் கண்ணை மூட விரும்பவில்லை. வேண்டியது, கண்ணால் கண்டதை வாயால் சொல்லிவிடாத கட்டுப்பாடு. கொடிகாமத்துக்கு அருகே எங்கள் ஊர்க் கழகத்தின் ஒலிவாங்கியை ஒன்பது வருடமாகப் பிடித்திருக்கிறேன். வீரர்களின் பெயரையும் இலக்கத்தையும் பாடமாக்குவதற்காகப் பயிற்சி முகாமுக்கும் போகவேண்டும். அங்கே பக்கத்தில் ஒரு ரசிகர் இருப்பார். சொந்த ஊர் அணிக்குக் கைதட்டிப் பழகிய உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

கம்பிவலை

எனக்கு வாய்த்தவர் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருக்கும் குணமண்ணை. அவருடைய குசினி எங்கள் வடக்குக் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. பந்து வந்து இடிப்பதால் அதன் யன்னலுக்கு எப்போதும் பலகைக் கதவுதான். பகலிலும் லைட் போட்டுத்தான் சமையல். இருபது வருடம் கேட்டுக் கேட்டு, இந்த வருடம்தான் அவர் மனைவி மனோ அக்கா அதற்குக் கண்ணாடி போடுவித்தார். ஆறு கண்ணாடி. வெளியே கம்பிவலை அடிக்கவும் சொல்லியிருந்தார். முகாமின் முதல் நாள், கோலைக் காக்கும் எங்கள் பின்வரிசையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அண்ணை, வலையைச் சுருட்டி மூலையில் வைத்தார்.

"உவங்கள் நிக்கேக்கை வலை என்னத்துக்கு? வெளிச்சத்தையெல்லே மறைக்கும்."

ஏழு நாள், ஒரு கோலும் இல்லை

முதல் ஏழு நாளும் எங்கள் பின்வரிசை ஒரு கோல்கூட வாங்கவில்லை. உண்மை, நானே சாட்சி. ஆனால் முழுமை கருதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த ஏழு நாளும் கோல் கம்பங்கள் வெல்டிங் கடையில் கிடந்தன. பந்தடிக்க வேண்டிய முன்வரிசையாரும் தோட்டங்களில் வெங்காயம் கிண்டி எடுக்கப் போய்விட்டார்கள். ஆக, இல்லாத கோலை, வராதவர்களிடமிருந்து எங்கள் வீரர்கள் வெற்றிகரமாகக் காத்தார்கள். இதை நான் பணிவுடன் எடுத்துச் சொன்னபோது அண்ணை என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, கம்பம் இல்லாமலே இப்பிடிக் காக்கிறாங்கள் எண்டால், கம்பம் வந்தால் எப்பிடியிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

கதையாத இருவர்

கம்பம் வந்தது. பின்வரிசையின் நடுவில் நிற்கும் ரூபனும் சீலனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். எல்லை வேலி அரையடி நகர்ந்த விவகாரத்தில் இருவருக்கும் கதை பேச்சில்லை. இருவருக்கும் இடையே பந்து வந்தால், மற்றவன் எடுக்கட்டும் என்று இருவரும் ஒதுங்கி நிற்பார்கள். பந்து ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் கோலுக்குள் போகும். பயிற்சியாளர் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கம்பம் வந்த மூன்றாம் நாள் கையை மட்டும் ஆட்டினார். அண்ணைக்கு அதிலும் ஒரு நுட்பம் தெரிந்தது.

"கதைச்சால்தானே தம்பி எங்கடை திட்டம் மற்ற ரீமுக்கு விளங்கும்?"

ஆட்ட நாள்

வடமராட்சியிலிருந்து வந்த அணியுடன் ஆட்டம். முதற்பாதியில் நாங்கள் காத்தது வடக்குக் கம்பம். ரூபனுக்கும் சீலனுக்கும் இடையால் ஐந்து முறை பந்து வந்தது, ஐந்தும் கோல். வந்தவர்கள் மரியாதையான பிள்ளைகள். ஐந்தையும் நிலத்தோடு உருட்டி, கோல் வலைக்குள்ளேயே நிறுத்தினார்கள். குசினியில் நின்ற மனோ அக்கா கண்ணாடிக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது பந்து வந்தபோது, அத்தனை நாள் ஒதுங்கியவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து, ஒரே நேரத்தில் உதைத்தார்கள். பந்து எங்கள் கம்பத்துக்கு மேலால் பின்பக்கம் பறந்தது. அடுத்துக் கேட்ட சத்தம் என் ஒலிவாங்கியிலும் விழுந்தது. "பந்து பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டது," என்று அறிவித்தேன். அண்ணை துள்ளி எழும்பி, "பாத்தியளே, கோல் இல்லை!" என்றார். உடைந்த யன்னலுக்குள்ளால் மனோ அக்கா பந்தைத் தூக்கிக் காட்டினார்.

"இஞ்சாருங்கோ, அஞ்சு கோல் அடிச்ச பெடியள் என்ரை வீட்டிலை ஒரு கீறலும் போடேல்லை. உங்கடை காவல்காரரை வந்து கண்ணாடியைக் கூட்டி அள்ளச் சொல்லுங்கோ!"

மறுநாள் காலை ரூபன் ஒரு பக்கமும் சீலன் மறுபக்கமும் பேசாமல் பிடித்துக்கொள்ள, குணமண்ணை பழைய பலகைக் கதவைத் திரும்ப மாட்டினார். மனோ அக்கா குசினி லைட்டைப் போட்டார்.